அழிக்கப்பட்ட 0-0

(2025 ஜூலை கடைசியில் பதிவு செய்த எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு மேட்ச்சைப் பத்திப் பேசப் போறோம். 2022 ஜனவரி 20, நவி மும்பை டிஒய் பாட்டீல் ஸ்டேடியம். பெண்கள் ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு முதல் ஆட்டம், எதிரணி ஈரான். முழு நேரமும் ஆடினாங்க, யாரும் கோல் அடிக்கல. 0-0.

இப்போ அந்தப் போட்டியோட பாயின்ட்ஸ் டேபிளை எடுத்துப் பாருங்க. குரூப் ஏ-ல இந்தியாவுக்கு எந்தக் கணக்கும் இருக்காது. ஈரானுக்கு ரெண்டு மேட்ச், ரெண்டும் தோல்வி, பூஜ்யம் பாயின்ட். அந்த 0-0 எங்க போச்சு?

கொஞ்சம் பின்னாடி போகலாம். இந்தக் கோப்பைக்கு நாம புதுசு இல்ல. 1975ல் ஹாங்காங்கில் தொடங்கிய போட்டி இது. 1980ல் கோழிக்கோட்டில் நடந்தப்போ இந்தியா ஃபைனல் வரைக்கும் போனது. 1983லயும் ஃபைனல். ரெண்டு தடவையும் தோல்விதான், ஆனா ஆசியாவில் ரெண்டாவது இடம். அப்புறம் மெல்ல மெல்லப் பின்தங்கி, 2003க்குப் பிறகு மெயின் போட்டிக்கே போக முடியல. 2022ல் போட்டியை நடத்தும் நாடு என்பதால் நேரடி இடம் கிடைச்சது. 19 வருஷம் கழிச்சு! நம்ம கடலூர் இந்துமதி கதிரேசனும் அந்த 23 பேர் அணியில் இருந்தாங்க. தமிழ்நாடு போலீஸ்ல சப்-இன்ஸ்பெக்டர்.

அது வெறும் ஆசியக் கோப்பையும் இல்ல. 2023 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றும் அதுதான். காலிறுதியில் ஜெயிச்சா நேரா உலகக் கோப்பை. 12 அணி, மூணு குரூப். குரூப்பில் முதல் ரெண்டு இடம் வந்தா காலிறுதி. சீனா பெரிய அணி, சரி. ஈரானும் சீன தைபேயும் நாம மோதிப் பார்க்கக்கூடிய அணிகள். கனவு காண இடம் இருந்தது.

ஜனவரி 23, சீன தைபேயோட மேட்ச். ஆனா அணிக்குள்ள கொரோனா பரவிடுச்சு. விதி என்னன்னா, குறைந்தது 13 பேரைக் களத்துக்குப் பெயர் கொடுக்கணும். இந்தியாவால் முடியல. மேட்ச் நடக்கல. ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்போட கோவிட் கால விதிப்படி, இந்தியா போட்டியிலிருந்தே விலகியதாகக் கணக்கு. கூடவே இன்னொரு வரி: அந்த அணி ஏற்கனவே ஆடிய ஆட்டங்களும் செல்லாது. ஈரானோட ஆடின 0-0 போனது இப்படித்தான்.

நான் சாஃப்ட்வேர் எழுதுறவன். விதி எழுதுறதுதான் என் பொழப்பு. அதனால முதல்ல விதி எழுதினவங்க பக்கமும் நின்னு பார்க்கிறேன். 13 பேர் இல்லாம மேட்ச் வைக்க முடியாது, அது நியாயம். தள்ளி வைக்கலாமேன்னா, மூணு நாளைக்கு ஒரு மேட்ச், மொத்தப் போட்டியும் மூணு வாரத்துக்குள்ள முடியணும். ஒரு மேட்ச்சைத் தள்ளினா பின்னாடி எல்லாம் சரியும். பழைய ரிசல்ட்டை ஏன் எடுக்கணும்? சீனாவும் தைபேயும் இந்தியாவோட ஆடவே இல்ல. ஈரான் மட்டும் ஆடியிருக்கு. அந்த பாயின்ட்டை வச்சா கணக்கு சமமா இருக்காது. லாஜிக் சரிதான்.

ஆனா இதுல நாம யோசிக்காத ஒரு ஆள் இருக்காங்க. ஈரான்.

ஈரானுக்கு அதுதான் முதல் ஆசியக் கோப்பை. தகுதிச் சுற்றில் ஜோர்டானோட டிரா ஆகி, பெனால்டி ஷூட்அவுட்ல ஜெயிச்சு வந்தவங்க. கோல்கீப்பர் ஜோஹ்ரே கூதாயி அன்னைக்கு ரெண்டு பெனால்டியைத் தடுத்தாங்க. நவி மும்பையிலும் அவங்கதான் கோல்ல நின்னாங்க. அந்த டிரா, ஆசியக் கோப்பையில் ஈரான் பெண்கள் எடுத்த முதல் பாயின்ட். மூணு நாள் கழிச்சு சீனாவோட 7-0 தோல்வி. அன்னைக்கே, எதிரணிக்குக் கொரோனா வந்ததால அந்த ஒரு பாயின்ட்டும் காணோம். அப்புறம் தைபேயோட 5-0. அவங்க செஞ்ச தப்பு என்ன? ஒண்ணுமே இல்ல.

இதுல வேடிக்கை, அந்த பாயின்ட்டை விட்டு வச்சிருந்தாலும் தைபேக்கு மூணு பாயின்ட், ஈரானுக்கு ஒண்ணு. வரிசை மாறியிருக்காது.

எங்க வேலையில் டேட்டாவை அழிக்க ரெண்டு வழி உண்டு. ஒண்ணு, ஒரேயடியா தூக்கிடறது. இன்னொண்ணு, ரெக்கார்டை அப்படியே வச்சுக்கிட்டு 'இதைக் கணக்குல சேர்க்காதே'ன்னு ஒரு குறி போடறது. அனுபவம் உள்ளவங்க ரெண்டாவதைத்தான் செய்வாங்க. இன்னைக்குக் கணக்குக்கு வேண்டாதது நாளைக்கு வரலாறுக்கு வேணும். டேபிள்ல சேர்க்காதீங்க, நியாயம். ஆனா அந்தப் பொண்ணுங்க ஆடின 90 நிமிஷம் நடந்த விஷயம். அதை 'செல்லாது'ன்னு ஒரே வார்த்தையில் முடிக்கிறதுதான் எனக்கு உறுத்துது.

அந்தப் போட்டி மேல போனது. தைபே குரூப்ல ரெண்டாவதா வந்து காலிறுதியில் பிலிப்பைன்ஸோட ஆடியது. 1-1, பெனால்டியில் பிலிப்பைன்ஸ் வெற்றி, முதல் முறையா உலகக் கோப்பைக்குத் தகுதி. அடுத்த வருஷம் அங்க போய், நியூசிலாந்தை அவங்க ஊர்லயே 1-0ன்னு ஜெயிச்சாங்க. ஃபைனல்ல சீனா, கொரியாவிடம் 0-2ன்னு பின்தங்கி 3-2ன்னு கோப்பையைத் தூக்கியது. நல்ல போட்டிதான். நமக்கு மட்டும் அதுல இடம் இல்ல.

சரி, இதை ஏன் இப்போ பேசுறேன்? இந்த மாசம் 5ஆம் தேதி தாய்லாந்தின் சியாங் மாயில் நடந்த தகுதிச் சுற்று மேட்ச்சுக்காக. இந்த முறை நேரடி இடம் கிடையாது. மங்கோலியாவை 13-0, திமோர் லெஸ்தேவை 4-0, ஈராக்கை 5-0ன்னு ஜெயிச்சோம். 22 கோல் அடிச்சு, ஒண்ணும் வாங்கல. தாய்லாந்தும் அதேமாதிரி 22 கோல் அடிச்சு, ஒண்ணும் வாங்காம நின்னது. குரூப்ல ஒரு அணிக்குத்தான் இடம். அதனால மூணு மேட்ச்சோட கணக்கும் ரத்தான மாதிரிதான், கடைசி ஒரு மேட்ச்தான் எல்லாம். அதுவும் அவங்க ஊர்ல. ஃபிஃபா தரவரிசையில் அவங்க 46, நாம 70.

சங்கீதா பாஸ்ஃபோர் 28ஆவது நிமிஷம் ஒரு கோல். இடைவேளை முடிஞ்ச உடனே தாய்லாந்து சமன் செய்தது. 74ஆவது நிமிஷம் மறுபடி சங்கீதா. 2-1.

தகுதிச் சுற்றில் ஆடி ஜெயிச்சு இந்திய அணி ஆசியக் கோப்பைக்குப் போறது இதுதான் முதல் தடவை. 2022ல் இருந்த மனிஷா கல்யாண், கிரேஸ் டாங்மெய் மாதிரி சிலர் இப்பவும் அணியில் இருக்காங்க. நடத்துற நாடுன்னு கிடைச்ச இடம் ஒரு விதியால் வந்தது, இன்னொரு விதியால் போனது. இது அவங்க காலால் சம்பாதிச்ச இடம்.

இன்னொரு செய்தி. இதே ஜூலையில், ஜோர்டானை அவங்க மண்ணுல 2-1ன்னு ஜெயிச்சு ஈரானும் தகுதி பெற்றிருக்கு. 2026 மார்ச், ஆஸ்திரேலியா. ரெண்டு அணியும் அங்க இருக்கும். நம்ம மேட்ச்சைக் கண்டிப்பா பாருங்க. முடிஞ்சா ஈரான் மேட்ச்சையும் பாருங்க. அவங்க இன்னும் முதல் பாயின்ட்டுக்குத்தான் ஆடுறாங்க. நம்ம கணக்குல மட்டும் அது ரெண்டாவது.