ஸ்பிரே அடிச்சது நான்தான்

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியை அனுப்பியிருந்தீங்க. "மவுண்டன் பைக் வாங்கியாச்சு, சர்வீஸை நாமளே பண்ணலாமா, இல்ல கடையிலதான் கொடுக்கணுமா?" பண்ணலாம். தாராளமா பண்ணலாம். ஆனா நான் எப்படிக் கத்துக்கிட்டேன்னு சொல்றதுக்கு முன்னாடி, எப்படிக் கத்துக்கக் கூடாதுங்கிற கதையைச் சொல்லணும். அந்தக் கதையில அடிபட்டது நான் இல்லை. அதனாலதான் இத்தனை நாள் இதைப் பேசாம தள்ளிப் போட்டுக்கிட்டே இருந்தேன். இன்னைக்கு ரெக்கார்டிங்குக்கு முன்னாடி அவன்கிட்ட அனுமதி வாங்கிட்டேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நானும் என் ரூம்மேட்டும் ஒரே மாசத்துல மவுண்டன் பைக் வாங்கினோம். பேருதான் மவுண்டன். ஓடினதெல்லாம் ஓஎம்ஆர் சர்வீஸ் ரோடும், துரைப்பாக்கம் ரேடியல் ரோடும்தான். சென்னைப் பள்ளங்களுக்கு சஸ்பென்ஷன் தேவைன்னு எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கிட்டோம். வாங்கின கடையில முதல் ரெண்டு சர்வீஸ் இலவசம். மூணாவது சர்வீஸ் பில்லைப் பார்த்ததும் எனக்கு ரோஷம் வந்துடுச்சு. நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சவனுக்கு ஒரு செயினைத் துடைக்கத் தெரியாதா? மூணு வீடியோ பார்த்தேன், ஒன்றரை மடங்கு வேகத்துல. அவ்வளவுதான் படிப்பு.

அந்த வாரக் கடைசியில ஏற்காடு போறதா பிளான். வெள்ளிக்கிழமை ராத்திரி பால்கனியில நியூஸ்பேப்பர் விரிச்சு, ரெண்டு வண்டியையும் தலைகீழா நிறுத்தினேன். ரூம்மேட் வண்டியில செயின் துருப்பிடிச்சு கரகரன்னு சத்தம் போட்டுக்கிட்டு இருந்தது. "விடு மச்சான், நான் பார்த்துக்குறேன்"னு சொல்லி, துரு எடுக்குற ஸ்பிரே டப்பாவை எடுத்து, பெடலைச் சுத்திக்கிட்டே பின் சக்கரத்துப் பல்சக்கரம் முழுக்க அடிச்சேன். செயின் பளபளன்னு ஆயிடுச்சு. என் வண்டி செயின் புதுசா இருந்ததால அதுக்கு அடிக்கலை. இது முக்கியம், ஞாபகம் வெச்சுக்கங்க.

காலையில சைக்கிளைக் காருல போட்டுக்கிட்டு சேலம் போனோம். அடிவாரத்துல இருந்து ஏற்காடு வரைக்கும் 20 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது யாரும் பிரேக் பிடிக்க மாட்டாங்க, மூச்சுப் பிடிக்கிறதே பெரும்பாடு. மேல போய் ஏரிப் பக்கம் டீ குடிக்க நிறுத்தினப்போதான் அவன் வண்டி பின் பிரேக் கீச்சுன்னு கத்திச்சு. டீக்கடையில எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. சிரிச்சோம். அந்த இடத்துல நான் ஒரு நிமிஷம் குனிஞ்சு பார்த்திருக்கலாம். பார்க்கலை.

இறக்கத்துல அவன் எனக்கு முன்னாடி போயிக்கிட்டு இருந்தான். பாதி தூரத்துல ஒரு வளைவு, ஓரத்துல சரளைக்கல் கொட்டிக் கிடந்தது. பின் பிரேக்கை அழுத்தியிருக்கான், நிக்கலை. பதற்றத்துல முன் பிரேக்கை இறுக்கிப் பிடிச்சிட்டான். சரளை மேல முன் சக்கரம் அப்படியே பூட்டிக்கிட்டு வழுக்கிடுச்சு. ஹெல்மெட் போட்டிருந்தான், எதிர்ல பஸ் வரலை. மணிக்கட்டுல விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு. எதிர்ல ஒரு பஸ் வந்திருந்தான்னு நான் யோசிக்க ஆரம்பிச்சா இன்னைக்கும் தூக்கம் வராது.

சரளைக்கல்னாலதான் விழுந்தான்னு ரெண்டு பேருமே நம்பிக்கிட்டு இருந்தோம். அடுத்த வாரம் அவன் வண்டியை வேளச்சேரியில எங்க தெருமுனையில இருக்குற சைக்கிள் கடை அண்ணன்கிட்ட தள்ளிக்கிட்டுப் போனேன், ஹேண்டில் பார் திரும்பியிருந்ததைச் சரி பண்ண. சின்னக் கடை அது. வாடகை சைக்கிள் விட்ட காலத்துல இருந்து இருக்கார். என்னைப் போல ஆட்கள் அவரைத் தாண்டித்தான் ஏசி ஷோரூமுக்குப் போவோம். ஹேண்டிலை நிமிர்த்தினவர், பின் சக்கரத்தைத் தூக்கிச் சுத்திவிட்டு பிரேக் பிடிச்சார். பிடிக்கலை. குனிஞ்சு டிஸ்க்கை மோந்து பார்த்தார்.

"என்ன தம்பி, இதுல எண்ணெய் வாடை அடிக்குது?"

அப்போதான் எனக்கு விஷயம் புரிஞ்சது. டிஸ்க் பிரேக் எப்படி வேலை செய்யுதுன்னா, சக்கரத்தோட சுத்துற ஒரு இரும்புத் தட்டு, அதான் ரோட்டர், அதை ரெண்டு பக்கமும் பேடு கவ்விப் பிடிக்கும். அந்த உராய்வு மட்டும்தான் வண்டியை நிறுத்துது. பல்சக்கரம் வலது பக்கம், ரோட்டர் இடது பக்கம், நடுவுல ஒரு சாண் கூட இடைவெளி இல்லை. சுத்திக்கிட்டே அடிச்ச ஸ்பிரே சாரலா பறந்து போய் ரோட்டர்ல உக்காந்துக்கும். ரோட்டரையாவது துடைச்சிடலாம். பேடு நுண்துளை உள்ள பொருள், எண்ணெயை உறிஞ்சிக்கிட்டா அவ்வளவுதான். "துடைச்சாலாம் போகாது, கட்டையை மாத்து"ன்னார் அண்ணன். பேடுன்னா அவருக்குக் கட்டைதான்.

ஆஃபீஸ்ல சர்வர் விழுந்தா போஸ்ட்மார்ட்டம் டாக்குமெண்ட் எழுதுவோம், யார் மேலயும் பழி வராத மாதிரி, "கான்ஃபிகரேஷன் மாற்றப்பட்டது"ன்னு செயப்பாட்டு வினையில. வீட்டுல அந்த வசதி கிடையாது. நாலு நாள் சொல்லலை. அவன் ஒரு கையால லேப்டாப்ல டைப் பண்றதைப் பார்த்துக்கிட்டே சொல்லாம இருந்தேன். அஞ்சாவது நாள் சாப்பிடும்போது சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "நீ அடிச்சப்போ நானும் பக்கத்துலதானடா நின்னேன், எனக்கும்தான் தெரியலை"ன்னான். நான் நிம்மதியா மூச்சு விடுறதுக்குள்ள, "ஆனா இனிமே என் வண்டியைத் தொடாத"ன்னான்.

அடுத்த ஞாயித்துக்கிழமை அந்த அண்ணன் கடையில போய் நின்னேன். கத்துக்கொடுங்கன்னு கேட்டதுக்கு, "பஞ்சர் தண்ணியை மாத்தி வை"ன்னார். அப்படித்தான் ஆரம்பிச்சது.

அவர்கிட்ட கத்துக்கிட்டதுல பெரிய விஷயம் ஸ்பேனர் பிடிக்கிறது இல்லை, காது கொடுக்கிறது. நம்ம ஆளுங்க சத்தம் வந்த உடனே எண்ணெய் விடுவோம். அவர் முதல்ல, "சத்தம் எப்போ வருது?"ன்னு கேப்பார். பெடல் மிதிக்கிறதை நிறுத்திட்டு வண்டியை அதுபாட்டுக்கு உருள விடுங்க. சத்தம் நின்னுடுச்சுன்னா பிரச்சினை செயின், பெடல், கிராங்க், அந்தப் பக்கம். உருளும்போதும் சத்தம் தொடருதுன்னா சக்கரத்துப் பக்கம். சக்கரம் ஒரு சுத்து சுத்தும்போது ஒரு தடவை மட்டும் சர்ருன்னு உரசினா, பெரும்பாலும் ரோட்டர் லேசா கோணியிருக்கும், இல்லைன்னா ரிம் பெண்டு எடுக்கணும். பெடல் ஒரு சுத்துக்கு ஒரு தடவை டக்குன்னு கேட்டா பெடலையும் கிராங்கையும் பாருங்க. கோட்ல எங்க பக் இருக்குன்னு பாதி பாதியா பிரிச்சுத் தேடுவோமே, அதேதான். டெவலப்பரா நான் தினமும் செய்யுற வேலை. ஆனா சைக்கிள்னு வந்ததும் மூளையைக் கழட்டி வெச்சுட்டு ஸ்பிரே டப்பாவை எடுத்துட்டேன்.

சரி, செயினுக்கு வருவோம். இது காசு மிச்சமாகுற இடம். செயின் "நீண்டு போச்சு"ன்னு சொல்வாங்க இல்லையா, உண்மையில இரும்பு இழுபடுறது இல்லை. ஒவ்வொரு கண்ணியிலயும் இருக்குற ஊசி தேயுது. நூத்துக்கும் மேல ஊசி, எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் தேஞ்சா மொத்த நீளம் கூடும். அளக்குறது சுலபம். ஒரு ஊசியில இருந்து அடுத்த ஊசிக்கு சரியா அரை அங்குலம். அப்போ 24 இடைவெளிக்கு 12 அங்குலம் இருக்கணும். ஸ்டீல் டேப்பை ஒரு ஊசியோட நடுவுல வெச்சு அளங்க, தையல்காரர் டேப் வேண்டாம், அது வளையும். 12 அங்குலத்துக்கு மேல அரை நூல், அதாவது 1/16 அங்குலம், கூடியிருந்தா செயினை மாத்துற நேரம் வந்தாச்சு. மாத்தாம ஓட்டினா அது பல்சக்கரத்தையும் தன் அளவுக்குத் தேய்ச்சிடும். அப்புறம் புது செயின் போட்டாலும் பல்லு மேல குதிக்கும், செயினோட பல்சக்கரத்துக்கும் சேர்த்துக் காசு கொடுக்கணும். நான் கொடுத்தேன்.

எண்ணெய் விடுறதும் ஒரு கலைதான். செயினோட கீழ்ப்பகுதியில, உள்பக்கம், கண்ணிக்கு ஒரு சொட்டு. பெடலைப் பின்னாடி சுத்தணும், அஞ்சு நிமிஷம் விடணும், அப்புறம் துணியால வெளிப்பக்கத்தை நல்லா துடைக்கணும். உள்ள இருக்குறதுதான் வேலை செய்யும், வெளிய இருக்குறது மண்ணைத்தான் சேர்க்கும். ஈசிஆர் பக்கம் ஓட்டுறவங்க உப்புக்காத்துக்கு அடிக்கடி செய்யணும். ஸ்பிரே வேணும்னா துணியில அடிச்சு, துணியால துடைங்க. வண்டி மேல அடிக்காதீங்க. ரோட்டரைத் துடைக்க ஐசோபுரொபைல் ஆல்கஹால். ரிச்சி ஸ்ட்ரீட்ல சர்க்யூட் போர்டு கழுவ விக்கிறாங்களே, அதுதான். புது பேடு போட்டா உடனே மலைக்குப் போகாதீங்க. காலி ரோட்டுல மிதமான வேகத்துல போய், கிட்டத்தட்ட நிக்கிற வரைக்கும் பிரேக் பிடிங்க. ஒரு இருபது தடவை. அப்போதான் பிடிமானம் வரும்.

கியர் விஷயத்துல நான் ஒரு முழு ஞாயித்துக்கிழமையைத் தொலைச்சேன். பின் டிரெய்லர்ல எச், எல்னு ரெண்டு குட்டி ஸ்க்ரூ இருக்கும். அது கியரை டியூன் பண்ண இல்லை, செயின் ரெண்டு கோடியிலயும் தாண்டிப் போகாம தடுக்குற சுவர். எல் பக்கம் தப்பா திருப்பினா செயின் ஸ்போக்குக்குள்ள போய் மாட்டும். கியர் சரியா விழலைன்னா நாம தொட வேண்டியது கேபிள் வர்ற இடத்துல இருக்குற உருளைத் திருகி, அதுவும் கால் சுத்து, கால் சுத்தா. நான் மூணையும் ஒரே நேரத்துல திருகிட்டேன். எது எதனால மாறிச்சுன்னு தெரியலை. அண்ணன் பின்னாடி நின்னு பார்த்துட்டு, டிரெய்லர் தொங்குற அலுமினியக் கொக்கியே வளைஞ்சிருக்குன்னு காட்டினார். வண்டி வலது பக்கம் விழுந்தா முதல்ல வளையுறது அதுதான், ஃப்ரேம் தப்பிக்கணும்னு மெலிசா செஞ்சிருப்பாங்க. அதை நிமிர்த்தாம எந்த ஸ்க்ரூவைத் திருகினாலும் பிரயோஜனம் இல்லை.

அப்புறம் இடது பெடல். அதுக்கு மரை எதிர்த்திசையில இருக்கும். கழட்டுறேன்னு நினைச்சு முழு பலத்தோட இறுக்கிக்கிட்டு இருந்தேன். மரை கழண்டது எனக்கா பெடலுக்கான்னு அண்ணனுக்கு சந்தேகம். ஸ்பேனரை மேல்பக்கமா வெச்சு, முன் சக்கரத்துப் பக்கம் தள்ளினா ரெண்டு பெடலும் இறுகும், பின் சக்கரத்துப் பக்கம் தள்ளினா ரெண்டும் கழலும். இதை மட்டும் மனசுல வெச்சுக்கங்க. சாஃப்ட்வேர்ல தப்பு பண்ணா பழைய வெர்ஷனுக்குப் போயிடலாம். அலுமினியத்துல மரை போனா போனதுதான். அதனால கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ, ஒரு நேரத்துல ஒரே ஒரு மாற்றம்.

நான் இன்னும் தொடாதது ரெண்டு. சஸ்பென்ஷன் ஃபோர்க்கோட உள்பக்கம், அதுல காத்தழுத்தம் இருக்கு. அப்புறம் ஹைட்ராலிக் பிரேக்கோட திரவம். எங்க வண்டி ரெண்டும் கேபிள் டிஸ்க், அதனால எனக்குத் தேவைப்படலை. உங்களோடது ஹைட்ராலிக்னா ஒண்ணு மட்டும்: ஷிமானோ பிரேக்குக்கு மினரல் ஆயில், ஸ்ராம் பிரேக்குகள்ல பலதுக்கு டாட் திரவம். மாத்தி ஊத்தினா உள்ள இருக்குற ரப்பர் சீல் கெட்டுப் போகும். லீவர் மூடியில என்ன எழுதியிருக்குன்னு படிங்க.

யோசிச்சா இந்த வண்டியோட பொறப்பே ஒரு பிரேக் கதைதான். 1976 அக்டோபர்ல கலிஃபோர்னியாவுல, ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்குப் பக்கத்து மலையில, பழைய குண்டு டயர் சைக்கிள்களை வெச்சு ஒரு இறக்கப் பந்தயம் தொடங்கினாங்க. ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெல்லி எல்லாம் அந்தக் கூட்டம்தான். பெடலைப் பின்னாடி மிதிச்சா பிடிக்கிற பிரேக். சுமார் 400 மீட்டர் உயரம் இறங்கி முடிக்கும்போது ஹப்புக்குள்ள இருந்த கிரீஸ் சூட்டுல புகைஞ்சு போயிடும். வீட்டுக்குப் போய் ஹப்பைப் பிரிச்சு, மறுபடியும் கிரீஸ் அடைச்சாதான் அடுத்த ஓட்டம். மறுபடி அடைக்கிறதுக்கு இங்கிலீஷ்ல ரீபேக். அந்தப் பாதைக்கே ரீபேக்னு பேர் வந்துடுச்சு. அந்த ஆளுங்களுக்கு ஓட்டுறதும் பிரிச்சு மாட்டுறதும் தனித்தனி பொழுதுபோக்கா இருக்கலை.

ரூம்மேட்? கட்டுப் பிரிச்ச பிறகு ரெண்டு மாசம் அவனே கடைக்குத் தள்ளிக்கிட்டுப் போனான். நானும் கேக்கலை. ஒருநாள் அவனா வந்து, "செயின் அளந்து பாருடா, அரை நூல் தாண்டிடுச்சுன்னு நினைக்கிறேன்"ன்னான். அளந்தேன், தாண்டியிருந்தது, மாத்திக் கொடுத்தேன். இப்போ ரெண்டு வண்டியும் என் பொறுப்புதான். ஆனா ஒவ்வொரு தடவையும் நான் வேலை முடிச்சதும், அவன் ஒண்ணும் சொல்லாம குனிஞ்சு ரோட்டரை மோந்து பார்ப்பான். பார்க்கட்டும்.

அடுத்த எபிசோட் ட்யூப்லெஸ் டயர். பஞ்சர் கேள்விகளை அனுப்பி வைங்க, பார்ப்போம்.