குரங்கிலிருந்து வந்த காய்ச்சல்



தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களிடம் மலேரியாவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். எத்தனை கம்பளி போர்த்தினாலும் நிற்காத நடுக்கம், மறுநாளே திரும்பி வரும் காய்ச்சல், வாயெல்லாம் கசக்கும் கொய்னா மருந்து என்று கதை கதையாகச் சொல்வார்கள். ஓடைகளில் எண்ணெய் தெளித்ததையும், லயத்துச் சுவர்களில் கொசு மருந்து அடித்ததையும் நினைவு கூர்வார்கள். 1901-ஆம் ஆண்டில் கிள்ளானில் மாவட்ட மருத்துவராகப் பொறுப்பேற்ற மால்கம் வாட்சன் என்பவர், தேங்கிய நீரை வடித்துக் கொசுவை ஒழித்தால் காய்ச்சலும் ஒழியும் என்று செய்து காட்டினார். அதன் பிறகு எத்தனையோ பேர் பாடுபட்டு நோயை அடக்கினார்கள். 2018-ஆம் ஆண்டில், மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசு பரப்பும் மலேரியா, உள்நாட்டில் ஒருவருக்குக்கூட ஏற்படவில்லை என்ற நிலையை மலேசியா எட்டியது.

"அப்படியானால் இனி மலேரியாவைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். பேச வேண்டியிருக்கிறது, நேயர்களே. அதே 2018-ஆம் ஆண்டில் இந்த நாட்டில் 4,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு இன்னொரு வகை மலேரியா கண்டது. சிலர் இறந்தும் போனார்கள். அது குரங்குகளின் இரத்தத்தில் வாழும் கிருமி. அது மனிதரையும் பரவலாகத் தாக்குகிறது என்பதைக் கண்டுபிடித்தவர்கள் நம் நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆராய்ச்சியாளர்கள். அவர்கள் அதை எப்படிக் கண்டார்கள், அதனால் நமக்கு என்ன பயன் என்பதே இன்றைய பேச்சு.

சரவாக் மாநிலத்தில் ராஜாங் நதிக்கரையில் காப்பிட் என்றோர் ஊர் உண்டு. சுற்றிலும் காடு. காட்டை ஒட்டி நீண்ட வீடுகளில் இபான் மக்கள் வாழ்கிறார்கள். அங்குள்ள மருத்துவமனையில் காய்ச்சலோடு வருபவர்களின் விரலில் ஒரு துளி இரத்தம் எடுத்து, கண்ணாடித் துண்டில் தடவி, பூதக்கண்ணாடியில் பார்ப்பார்கள். பலருக்கு 'மலாரியே' என்ற வகைக் கிருமி என்று முடிவு எழுதப்பட்டது. மனிதரைத் தாக்கும் மலேரியாக் கிருமிகளில் அதுவும் ஒன்று. அது பொதுவாகச் சாதுவான வகை. இரத்தத்தில் அதிகம் பெருகாது, நோயாளியைப் பெரிதாகப் படுத்துவதும் இல்லை.

சரவாக் மலேசியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் பல்பீர் சிங்கும் பேராசிரியர் ஜேனட் காக்ஸ் சிங்கும் இந்த முடிவுகளைப் பார்த்து யோசித்தார்கள். காப்பிட் நோயாளிகள் கடுமையான காய்ச்சலில் துவண்டார்கள். அவர்கள் இரத்தத்தில் கிருமிகள் மிகுதியாக இருந்தன. நோய் கண்டவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள் அல்லர், வேலைக்குப் போகும் பெரியவர்கள். எழுதப்பட்ட பெயருக்கும் படுத்திருந்த நோயாளிக்கும் பொருந்தவில்லை. வேறொருவராக இருந்தால் பூதக்கண்ணாடி சொல்வதே முடிவு என்று விட்டிருப்பார்கள். இவர்கள் விடவில்லை.

ஒவ்வொரு உயிருக்கும் அதற்கே உரிய மரபணு உண்டு. மனிதனுக்குக் கைரேகை எப்படியோ, கிருமிக்கு மரபணு அப்படி. காப்பிட் நோயாளிகளின் இரத்தத்தில் 'மலாரியே' கிருமியின் மரபணு இருக்கிறதா என்று அவர்கள் தேடினார்கள். கிடைக்கவில்லை! அப்படியென்றால் இரத்தத்தில் இருப்பது எது? மேலும் ஆராய்ந்தபோது, 'நோலெசி' என்ற கிருமியின் மரபணுவோடு அது ஒத்துப் போயிற்று. நோலெசி என்பது குரங்குகளின் மலேரியாக் கிருமி. பூதக்கண்ணாடியில் பார்த்தால் அதுவும் மலாரியேயும் இரட்டைப் பிள்ளைகள் போல இருக்கும். கைதேர்ந்தவர்களுக்கே வேறுபாடு தெரிவது கடினம். பரிசோதித்தவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

2000-ஆம் ஆண்டிலிருந்து 2002-ஆம் ஆண்டு வரை காப்பிட் வட்டாரத்தில் மலேரியா கண்ட 208 பேரின் இரத்தத்தை அவர்கள் சோதித்தார்கள். அவர்களில் 120 பேருக்கு இருந்தது நோலெசி. மலாரியே ஒருவருக்குக்கூட இல்லை. 2004-ஆம் ஆண்டில் 'லான்செட்' என்ற மருத்துவ ஏட்டில் இந்த ஆய்வு வெளிவந்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது.

ஏன் தெரியுமா? குரங்கு மலேரியா மனிதருக்கு வருவது மிக மிக அரிது என்றே அதுவரை மருத்துவ உலகம் நம்பி வந்தது. 1965-ஆம் ஆண்டில் பகாங் காட்டில் வேலை செய்துவிட்டு நாடு திரும்பிய ஓர் அமெரிக்கருக்கு இந்த நோய் இருப்பது தெரிய வந்தது. அதன் பிறகு தீபகற்ப மலேசியாவில் 1,000-க்கும் மேற்பட்டவர்களின் இரத்தத்தைச் சோதித்தும் ஒருவரிடமும் அது அகப்படவில்லை. எனவே அதை மறந்துவிட்டார்கள். ஆனால் பல்பீர் சிங்கின் குழுவினர், 1996-ஆம் ஆண்டில் சரவாக்கில் எடுத்து வைக்கப்பட்டிருந்த பழைய கண்ணாடித் துண்டுகளைச் சோதித்தபோது, அவற்றிலும் நோலெசி இருந்தது. காட்டுக் குரங்குகளைச் சோதித்தபோது பெரும்பாலானவற்றின் இரத்தத்திலும் இருந்தது. ஆக, இது நேற்று முளைத்த நோய் அன்று. வேறொரு பெயரில் நம்மிடையே ஒளிந்திருந்த நோய்.

பெயர் மாறினால் என்ன, மருந்து கொடுத்தால் சரியாகிவிடாதா என்று கேட்கலாம். இங்கேதான் உயிர்ப் பிரச்சினை இருக்கிறது. மலாரியே கிருமி இரத்தத்தில் ஒரு முறை பெருக 72 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. நோலெசிக்கு 24 மணி நேரமே போதும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு முறையும் ஒரு கிருமி பத்தாகப் பெருகுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நாளில் முன்னது ஒன்றுக்குப் பத்தாகும். பின்னதோ ஒன்றுக்கு ஆயிரமாகும்! "இன்றைக்குப் பார்ப்போம், நாளைக்குப் பார்ப்போம்" என்று காய்ச்சலோடு படுத்திருப்பவருக்கு அந்த இரண்டு நாளே எமனாகலாம். சரவாக்கில் மலேரியாவால் இறந்த நான்கு பேருக்கு இருந்தது இந்த நோலெசிதான் என்பதை ஜேனட் காக்ஸ் சிங்கும் உடன் பணியாற்றியவர்களும் 2008-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். காலத்தோடு கண்டுபிடித்தால் இந்த நோய்க்கு நல்ல மருந்து இருக்கிறது என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

இந்த நோய் சரவாக்கோடு நிற்கவில்லை. சபாவிலும் தீபகற்பத்திலும் இருக்கிறது. குரங்கு கடித்து இது வருவதில்லை. குரங்கைக் கடித்த கொசு நம்மையும் கடிப்பதால் வருகிறது. அந்தக் கொசு எது என்று தேடியவர்களில் முன்னணியில் நிற்பவர் டாக்டர் இந்திரா வைத்திலிங்கம். பகாங் மாநிலத்துக் கோல லிப்பிஸ் வட்டாரத்தில் நோயைப் பரப்பும் கொசு வகையை அவருடைய குழு 2008-ஆம் ஆண்டில் அறிவித்தது. பின்னர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து, சபாவில் நோய் பரப்பும் கொசுவைப் பற்றியும் ஆராய்ந்தார். கொசு எந்த நேரத்தில் கடிக்கிறது என்று அறிய, ஆய்வாளர்கள் இரவெல்லாம் காட்டோரத்தில் உட்கார்ந்து தங்கள் காலில் வந்து அமரும் கொசுக்களைப் பிடித்தார்கள். பொழுது சாய்ந்த முன்னிரவிலேயே, வீட்டுக்கு வெளியில் அவை மிகுதியாகக் கடிக்கின்றன என்று தெரிந்தது. படுக்கும்போது கட்டும் கொசுவலை நல்லதுதான். ஆனால் படுக்கப் போகும் முன்பே கடித்துவிடும் கொசுவை அது எப்படித் தடுக்கும்?

தோட்ட மக்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டிய செய்தி இன்னொன்று. சபாவில் நடந்து 2017-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், தோட்ட வேலை செய்பவர்கள், வீட்டுக்கு வெளியே படுத்து உறங்குபவர்கள், சுவரிலும் கூரையோரத்திலும் இடைவெளி உள்ள வீடுகளில் வாழ்பவர்கள் ஆகியோருக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. வீட்டுச் சுவரில் கொசு மருந்து அடித்திருந்தால் வாய்ப்புக் குறைகிறது என்றும் தெரிந்தது. காட்டோரச் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் அண்ணனும், உதிரிப் பழம் பொறுக்கும் அக்காவும், மறு நடவுக்குக் காடு வெட்டும் தம்பியும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்படியானால் நாம் செய்ய வேண்டியது என்ன? காட்டோரத்தில் வேலை செய்யும்போதும், பொழுது சாய்ந்தபின் வெளியில் உட்காரும்போதும் முழுக்கைச் சட்டை போடுங்கள். கொசு அண்டாத மருந்தைக் கை கால்களில் தடவுங்கள். கொசு மருந்து அடிக்க வருபவர்களை, அடுப்படி அழுக்காகும் என்று திருப்பி அனுப்பாதீர்கள். குரங்கின்மீது கோபம் கொண்டு அதைக் கொல்ல வேண்டியதில்லை. அதன் இருப்பிடத்தை நாம் வெட்டியதால்தான் அது நம் வாசலுக்கு வருகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. காய்ச்சல் கண்டால், கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு நாளைத் தள்ளாதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய் இரத்தத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். "ஐயா, நான் காட்டோரத்தில் வேலை செய்கிறேன், அங்கே குரங்குகள் நடமாட்டம் உண்டு" என்பதைக் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை மருத்துவரின் சிந்தனையையே திருப்பிவிடும்.

காப்பிட்டில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு பெரிய உண்மையைக் கண்டது, எழுதி வைத்த பெயரை அப்படியே நம்பாமல், படுத்திருந்த நோயாளியைப் பார்த்ததால்தான். நோயாளி தன்னைப் பற்றிச் சொல்லத் தயங்காவிட்டால், அந்த ஆராய்ச்சியின் பயன் லயத்து வாசல் வரைக்கும் வந்து சேரும்.