கொழுப்புச் சொல்லும் சேதி

 

எங்களிடம் வரும் தாய்மார் அடிக்கடி கேட்பது இது: "டொக்டர், மகளுக்கு இன்னும் பத்து வயசு முடியல்ல, அதுக்குள்ள பெரிய புள்ளையாகிட்டா. புரொய்லர் கோழி குடுத்ததாலயா?" கோழி பாவம். அது வேகமாக வளர்வது இனத்தாலும் தீனாலும். ஹோர்மோன் ஊசியால் அல்ல. பிள்ளையின் உடம்பிலுள்ள கொழுப்பைப் பற்றித்தான் நாங்கள் பேச வேண்டும்.

1994இல் நியூயோர்க்கில் ஜெஃப்ரி ஃபிரீட்மனின் குழு லெப்டினைக் கண்டுபிடித்தது. கொழுப்புக் கலங்கள் சுரக்கும் இந்த ஹோர்மோன் இரத்தத்தில் மூளைக்குப் போய், இருப்பு எவ்வளவு என்று சொல்கிறது. பட்டறையில் நெல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கலியாணத்துக்கு நாள் வைப்பது போல, மூளையும் இருப்பைப் பார்த்தே பருவத்துக்குச் சம்மதம் கொடுக்கிறது.

இதற்குச் சான்று, கேம்பிரிட்ஜ் வைத்தியர்கள் 1997இல் அறிவித்த பாகிஸ்தான் வம்சாவளிக் குடும்பம். பெற்றோர் சொந்தத்துக்குள் மணமுடித்தவர்கள். (எங்கள் ஊருக்குப் புதிதல்ல, ஆனால் இந்த நோய் மிக அபூர்வம், பயப்பட வேண்டாம்.) அவர்களின் பிள்ளைக்கு ஒன்பது வயதில் எடை 94 கிலோ. அவ்வளவு கொழுப்பிருந்தும் லெப்டின் சுரக்கவில்லை. பட்டினி என்றே மூளை நினைத்தது. ஒரு வருடம் லெப்டின் ஊசி போட்டதும் 16 கிலோ குறைந்தது. எடை குறைந்த அதே காலத்தில்தான் பருவத்துக்கான ஹோர்மோன்கள் இரவில் சுரக்கத் தொடங்கின. துருக்கியில் இதே குறைபாட்டோடு, முப்பது வயது தாண்டியும் மாதவிடாய் வராத பெண்ணும் இருந்தார்.

ஆனால் லெப்டின் தருவது அனுமதி, கட்டளை அல்ல. கேம்பிரிட்ஜில் அதே ஊசி போட்ட சின்னப் பிள்ளைகள் யாரும் முந்திப் பருவமடையவில்லை. பருத்த பிள்ளைகள் பொதுவாகச் சற்று முந்துகிறார்கள், உண்மைதான். பரம்பரைக்கும் பெரிய பங்குண்டு. மெலிந்த பிள்ளையும் ஒன்பதில் ஆகலாம். ஆகவே 'நீ தீத்தித் தீத்தி வளர்த்தாய்' என்று தாயைக் குற்றம் சொல்லும் மாமிமார் கொஞ்சம் பொறுக்கட்டும்.

இன்னும் கவலை தருவது, பயத்தில் பிள்ளையின் சோற்றைக் குறைப்பது. வளரும் எலும்புக்கு அது கேடு. சோடாவையும் பைக்கற் தீனியையும் குறையுங்கள், பின்னேரம் ஓடி விளையாட விடுங்கள்; முட்டையையும் மீனையும் குறைக்காதீர்கள். எட்டு வயதுக்கு முன் மார்பு வளர்ந்தாலோ, பதின்மூன்றாகியும் வளராவிட்டாலோ, பதினைந்தாகியும் மாதவிடாய் வராவிட்டாலோ வைத்தியரிடம் காட்டுங்கள்.

பழைய மாணவியர் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். நான்காம், ஐந்தாம் வகுப்பிலேயே பெரிய பிள்ளையாகும் மாணவிகள் இப்போது இருக்கிறார்கள். ஆரம்பப் பிரிவு மலசலகூடத்துக்கு உள்ளே கொளுவக்கூடிய கதவு, தண்ணீர், மூடியுள்ள குப்பைவாளி, ஆசிரியையின் மேசைக்குள் இரண்டு பைக்கற் பேட் – நூற்றாண்டு நிதியில் இதற்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள்.