பாதையும் ஒரு வாய்க்கால்தான்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)

 

பென்ஷன் எடுத்த பிறகு என்ன செய்கிறாய் என்று கேட்டவர்களிடம் "மலையில் கான் வெட்டுகிறேன்" என்றேன். சிரித்தார்கள். இன்று அதையே பேசச் சொல்லி மேடையில் ஏற்றிவிட்டார்கள்.

நாம் பாவா ஆதம் மலை என்று சொல்லும் சிவனொளிபாத மலை 2,243 மீற்றர் உயரம். 1344இல் இப்னு பதூதா அதில் ஏறினார். பாபா பாதை, மாமா பாதை என்று இரண்டு வழிகளை எழுதியிருக்கிறார். முதலாவது ஆதம் நபியின் பெயரில், மற்றது ஹவ்வா அவர்களின் பெயரில். மாமா பாதை இலகுவாம். அதால் ஏறினவரை யாத்திரை போனவராகவே கணக்கெடுக்க மாட்டார்களாம். இலகுவானதற்குப் பெண்ணின் பெயரை வைத்தவர் யாரோ!

இன்று கூட்டம் நல்லதண்ணிப் பக்கத்தால் ஏறுகிறது. நாங்கள் போவது குருவிட்ட, எரத்ன வழியால். அதில் காடு அதிகம், ஆள் குறைவு. மார்கழிப் பௌர்ணமியில் தொடங்கும் யாத்திரைக் காலம் வெசாக்கோடு முடியும். உடனே தென்மேற்குப் பருவமழை. பாதை உடைவது அப்போதுதான்.

நான் சாகாமக் குளத்துத் தண்ணீரில் வேளாண்மை செய்த வீட்டுப் பிள்ளை. விதைப்புக்கு முன் வட்டை வாய்க்கால் துப்பரவாக்காவிட்டால் கடைசி வயலுக்குத் தண்ணீர் போகாது என்பது வாப்பா சொல்லித் தந்தது. மலையில் கணக்கு தலைகீழ். அங்கே தண்ணீரைப் பாதையை விட்டு வெளியே அனுப்ப வேண்டும். பாதை நெடுகத் தண்ணீர் ஓடினால் வேகம் பிடித்து மண்ணை அள்ளும், வேர் வெளியே வரும், படி ஆடும். நடப்பவர் ஓரத்தில் கால் வைப்பார். அந்த ஓரமும் சேறாகும், அடுத்தவர் இன்னும் தள்ளி நடப்பார். இரண்டு அடிப் பாதை பத்து அடியாகும். அவ்வளவும் காடு அழிந்த இடம். 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையில் சேர்த்த காடு அது.

வைத்தியம் சின்னது. பாதைக்குக் குறுக்கே, சரிவாக, கல் வரிசை ஒன்று. கல்லின் பெரும்பகுதி மண்ணுக்குள் இருக்க வேண்டும். மேலே வைத்த கல் முதல் மழையோடு போய்விடும். அது முடியும் இடத்தில் பள்ளப்பக்கமாக ஒரு வாய் வெட்ட வேண்டும். பிறகு ஒவ்வொரு வருசமும் அந்த வாயில் அடையும் சருகை அள்ள வேண்டும். இதுதான் யாருக்கும் பிடிக்காத வேலை. புதிதாகக் கட்டப் பத்துப்பேர் வருவார்கள், சருகு அள்ள இரண்டு பேர். திணைக்கள அனுமதியில்லாமல் ஒரு கல்லையும் அசைக்கக் கூடாது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

"பொம்புளப் புள்ளைகளுக்கு அலவாங்கு எதுக்கு" என்று உம்மா முதல் வருசம் மூன்று நாள் பேசவில்லை. அந்தப் பாதையில் எழுபது தாண்டிய கிழவிகள் வெறுங்காலோடு ஏறுகிறார்கள் என்று சொன்னேன். நாலாம் நாள் புளிச்சோறு கட்டித் தந்தா.

இந்த முறை எட்டுப் பேர் தேவை. போனமுறை வந்தவர்களில் இருவருக்கு முழங்கால் முடியாது, ஒருவர் கட்டாருக்குப் போய்விட்டார். எட்டுப் பேர் சேராவிட்டால் நாங்கள் பார்க்கும் துண்டு இந்த மழைக்குத் திறந்தபடியேதான் கிடக்கும். வெசாக் கழிந்த முதல் சனிக்கிழமை வெளிக்கிடுகிறோம், இரண்டு இரவு. வயது தடையில்லை, சருகு அள்ள அலவாங்கும் வேண்டாம். பெயரைச் செயலாளரிடம் கொடுங்கள். நீளக் காலுறை கொண்டு வாருங்கள். அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் நான் கொண்டு வருவேன்.