வேலிப் பொட்டும் கலரி வாங்கும்



கிரிக்கெற் ஆட்டத்தை அறிந்தவர்களுக்குப் பேஸ்போல் ஆட்டத்தின் போக்கை விளக்குவது கடினமன்று. ஒருவன் பந்தெறிகின்றான், மற்றொருவன் உருண்டைத் தடியால் அதனை அடித்துவிட்டு, நான்கு முனைகளிலுமுள்ள தளங்களைச் சுற்றி ஓடி வருகின்றான். ஓரணிக்கு 9 இன்னிங்ஸ். ஐந்து நாட் காத்திருக்க வேண்டியதில்லை. மூன்று மணி நேரத்துள் வெற்றி தோல்வி தெரிந்துவிடும். ஐக்கிய அமெரிக்காவின் பெரிய தொழில்முறை அணிகள் இன்று ஆண்டொன்றுக்கு 162 ஆட்டங்கள் ஆடுகின்றன. அவற்றுட் பாதி சொந்த மைதானத்தில் நடைபெறும். இப்பேச்சின் பொருள் ஆட்டமன்று. மடியிற் காசு குறைந்தவன் அதனை எவ்வாறு பார்த்தான், இன்று எவ்வாறு பார்க்கின்றான் என்பதே இங்கு கூறப்படுவது.

1876 ஆம் ஆண்டில் தோன்றிய தேசிய லீக் நுழைவுக் கட்டணத்தை 50 சதமாக வைத்திருந்தது. நாட்கூலி ஒன்றிரண்டு டொலருக்கு மேற்படாத தொழிலாளிக்கு அது சிறு தொகையன்று. அன்றியும் ஆட்டங்கள் பகற் பொழுதில் நடந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டமே இல்லை. வாரத்தில் ஆறு நாளும் ஆலையில் நிற்பவன் எப்போது போவான்? மதிப்புள்ளவர்கள் மட்டும் வந்தாற் போதும் என்பதே அந்த லீக்கின் எண்ணம். 1882 ஆம் ஆண்டில் அமெரிக்கன் அசோசியேஷன் என்னும் போட்டி அமைப்பு எழுந்து, 25 சதத்துக்குச் சீட்டு விற்றது, ஞாயிற்றுக்கிழமையும் ஆடியது, பியர் விற்கவும் இடங் கொடுத்தது. பத்திரிகைகள் எள்ளி நகையாடின. மக்களோ திரண்டு வந்தார்கள். அவ்வமைப்பு 1891 ஆம் ஆண்டோடு கலைந்தது. எனினும், அதன் அணிகளுள் நான்கைத் தன்னோடு சேர்த்துக்கொண்ட தேசிய லீக், அதன்பின் 25 சதச் சீட்டையும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தையும் அனுமதிக்க வேண்டியதாயிற்று. தோற்றவர்களின் கொள்கை வென்றவர்களின் வீட்டிற் குடிபுகுந்தது.

அந்த 25 சதமும் இல்லாதவர்கள் சிறுவர்கள். அக்காலத்து மைதானங்களைச் சுற்றி நின்றவை பலகை வேலிகள். பலகையில் மரக்கணு விழுந்த இடத்தில் வட்டமாக ஓர் ஓட்டை தோன்றும். அந்தப் பொட்டிலே ஒரு கண்ணை வைத்து ஆட்டம் பார்ப்பது சிறுவர்களின் கலை. கணு விழாத பலகையிற் கணுவை விழுத்துவதும் அக்கலையைச் சேர்ந்ததுதான். ஒருவன் பார்க்க, பின்னால் நிற்கும் நால்வருக்கு அவனே நேர்முக வருணனையாளன். 1917 ஆம் ஆண்டில் சென் லூயிஸ் நகரத்துக் கார்டினல்ஸ் அணியின் பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டபோது, பங்கு வாங்குவோர் மூலமாகச் சிறுவர்களுக்கு இலவச இடமளிக்கும் திட்டமொன்று உருவாயிற்று. அதற்கு மரக்கணு ஓட்டையின் பெயரையே வைத்தார்கள். அணியை நடத்திய பிராஞ்ச் றிக்கி கணக்கறிந்தவர். இன்று காசில்லாத சிறுவன் இருபது ஆண்டுகளின் பின் காசுள்ள இரசிகன் என்பது அவருக்குத் தெரியாததன்று.

ஆனால், அதே சென் லூயிஸ் நகரத்து ஸ்போட்ஸ்மன்ஸ் பார்க் மைதானத்தில் வேறொரு கதையும் உண்டு. அங்கே கறுப்பினத்தவர், கையிற் பணமிருந்தாலும், முதல் வகுப்பு ஆசனத்துக்குச் சீட்டு வாங்க முடியாது. வலப்புறத்து ஒதுக்கிடமும் கலரியுமே அவர்களுக்கு உரியவை. இக்கட்டுப்பாடு 1944 ஆம் ஆண்டிலேதான் நீக்கப்பட்டது. ஜக்கி றொபின்சன் புறூக்ளின் அணியில் இறங்கியது அதற்கு மூன்று ஆண்டுகளின் பின், 1947 ஏப்ரல் 15 ஆந் திகதி. சிக்கனத்துக்காகக் கலரி வாங்கில் அமர்வது ஒன்று. அங்கன்றி வேறெங்கும் அமரக் கூடாதென்று அமர்த்தப்படுவது முற்றிலும் வேறு. மலிவுச் சீட்டின் புகழ் பாடுவோர் இந்த வேறுபாட்டை மறந்துவிடுகின்றனர்.

பிலடெல்பியா நகரத்தின் கூரைக் கதை சற்று விரித்துக் கூறத்தக்கது. அங்கே 1909 ஆம் ஆண்டில் ஷைப் பார்க் மைதானம் உருக்கினாலும் கொங்கிறீற்றினாலும் கட்டப்பட்டது. அதன் வலப்புற மதில் 12 அடி உயரமே. மதிலுக்கு அப்பால் ஒரு தெரு. தெருவின் மறுபுறம் ஒன்றோடொன்று ஒட்டிய இரண்டு மாடி வீடுகள். மேல்மாடிப் படுக்கையறைச் சாளரத்தைத் திறந்தால் ஆட்டம் முழுவதும் தெரியும். தட்டையான கூரையில் ஏறினால் இன்னும் நன்றாகத் தெரியும். வீட்டுக்காரர்கள் கூரையில் வாங்குகளைப் போட்டு, மைதானத்திலும் மலிவாக இடம் விற்றார்கள். எலுமிச்சம் பானமும் விற்றார்கள். 1929 ஆம் ஆண்டின் உலகத் தொடரின்போது அக்கூரைகள் நிரம்பி வழிந்தன.

அணியை நடத்தியவர் கொனி மக். 1901 முதல் 1950 வரை ஐம்பது பருவங்கள் ஓர் அணியையே நெறிப்படுத்தியவர். மற்றவர்கள் விளையாட்டுடை அணிந்து நிற்க, கழுத்துப்பட்டியோடு அமர்ந்திருந்தவர். பொருளாதார மந்தம் வந்தது; ஆசனங்கள் வெறுமையாயின; சிறந்த ஆட்டக்காரர்களை ஒருவர் பின் ஒருவராக விற்க நேர்ந்தது. இந்த நெருக்கடியில் அவருடைய கண்ணிற் பட்டவை எதிர்ப்புறக் கூரைகள். 1935 ஆம் ஆண்டில் மதிலின்மேல் நெளிதகடு அடித்து, ஏறக்குறைய 34 அடிக்கு உயர்த்தினார்கள். குடியிருப்பாளர் வழக்குத் தொடுத்தார்கள், தோற்றார்கள். ஊரார் அதற்கு வன்மத்து வேலி என்று பெயரிட்டார்கள்.

சட்டம் மக்கின் பக்கமே. அவருடைய சரக்கை அயலார் விற்றார்கள் என்பதும் உண்மை. ஆயினும் அந்தத் தகரத்தினால் அவர் பெற்றது யாது? அதே 1935 இல் அணி கடைசி இடத்தில் முடிந்தது. கூரையிலிருந்து பார்த்தவன் சீட்டு வாங்கி உள்ளே வந்தானென்று கூற இடமில்லை. தெருவோடு இருந்த உறவு போயிற்று. 1954 ஆம் ஆண்டுப் பருவத்தோடு அந்த அணியும் நகரத்தைவிட்டுப் போயிற்று. அதற்குக் காரணங்கள் பல.

சிக்காகோவின் றிக்ளி மைதானத்தைச் சுற்றியும் இத்தகைய கூரைகள் உண்டு. அங்கே படிப்படியாக வாங்கு அடுக்கிப் பெரு வணிகமே நடந்தது. 2002 இல் அணி வழக்கிட்டது. 2004 இல் வருமானத்தின் 17 வீதத்தை அணிக்குக் கொடுப்பதென்று இணக்கம் ஏற்பட்டது. பின்னர் அணியின் உரிமையாளர் குடும்பமே அக்கட்டடங்களுட் பெரும்பாலானவற்றை வாங்கிவிட்டது. கூரை இருக்கின்றது, மலிவு இல்லை.

வானொலி நேயர்களுக்குச் சுவையான செய்தி ஒன்று. பேஸ்போல் ஆட்டம் முதன்முதல் வானொலியில் ஒலித்தது 1921 ஓகஸ்ட் 5 ஆந் திகதி, பிற்ஸ்பேர்க் நகரில். காசின்றிக் கேட்பவன் காசு கொடுத்துப் பார்க்க வருவானா என்று உரிமையாளர் அஞ்சினார்கள். நியூயோர்க்கின் மூன்று அணிகளும் தம்முள் உடன்பட்டு, 1938 வரை சில ஆண்டுகள் ஒலிபரப்பைத் தடுத்தே வைத்திருந்தன. சிக்காகோவின் கப்ஸ் அணியோ வானொலிக்குத் தாராளமாக இடங் கொடுத்தது. மகளிர் தினங்களிற் பெண்களை இலவசமாக அனுமதித்தது. 1927 இல், தேசிய லீக்கில் ஒரு பருவத்திற் பத்து இலட்சம் பார்வையாளரைக் கண்ட முதலாவது அணி அதுவே. கொடுத்தவனுக்குக் குறையவில்லை.

இன்று நான்கு பேர் கொண்ட குடும்பத்தை அழைத்துச் செல்லும் தந்தை கணக்குப் போட்டே ஆகவேண்டும். சீட்டின் விலை நாளுக்கு நாள் மாறுவது; எதிரணியையும் கிழமையையும் காலநிலையையும் பார்த்து விலை வைக்கும் முறையை 2009 முதல் சன் பிரான்சிஸ்கோ அணி தொடக்கி வைத்தது. விடயமறிந்தவன் இம்முறையையே தன் பக்கம் திருப்பிக்கொள்கின்றான். ஏப்ரல் மாதத்துக் குளிரில், செவ்வாய்க்கிழமை இரவு, புகழில்லாத அணி வரும் நாளைத் தெரிவு செய்கின்றான். மிக உயர்ந்த மாடத்தில், ஆட்டக்காரர் எறும்பளவாகத் தெரியும் இடத்தில் வாங்குகின்றான். அங்கிருந்து பார்த்தாற்றான் பந்து போகும் பாதையும் காவலர் நகரும் ஒழுங்கும் முழுமையாக விளங்கும் என்று சொல்லும் இரசிகர் பலர்; அது வெறும் ஆறுதன் மொழியன்று. வாகனம் நிறுத்தும் கட்டணம் சில வேளை ஒருவரின் சீட்டு விலையையே எட்டிவிடும். ஆதலின் இரயிலில் வருகின்றான். பல மைதானங்கள் வெளியுணவை அனுமதிக்கின்றன. பாணும் வறுத்த கச்சானும் தண்ணீரும் பையிற் கொண்டுபோனவனுக்கு உள்ளே பணப்பையைத் திறக்கும் தேவை குறைவு. சிறு நகரங்களிலே இளம் ஆட்டக்காரர் பயிலும் சிறிய லீக் ஆட்டங்கள் இன்னும் மலிவு.

மழையும் பார்வையாளனை முற்றாகக் கைவிடுவதில்லை. ஐந்து இன்னிங்ஸ் நிறைவேறுமுன் ஆட்டம் மழையாற் கைவிடப்பட்டால், கையிலுள்ள சீட்டு வேறொரு நாளுக்குச் செல்லுபடியாகும். கூட்டத்துள் விழும் பந்து பிடித்தவனுக்கே சொந்தம். 1921 இல் நியூயோர்க்கில் ஓர் இரசிகன் பந்தைத் திருப்பிக் கொடுக்க மறுத்து, மைதானத்தினின்றும் வெளியேற்றப்பட்டு, வழக்காடி 100 டொலர் பெற்றான். அடுத்த ஆண்டு பிலடெல்பியாவில் 11 வயதுச் சிறுவன் ஒருவன் பந்தை வைத்துக்கொண்டதற்காக ஓரிரவு அடைத்து வைக்கப்பட்டான்; மறுநாள் நீதிபதி அவனை விடுவித்தார்.

சன் பிரான்சிஸ்கோ மைதானம் 2000 ஆம் ஆண்டில் விரிகுடாவின் கரையிலே திறக்கப்பட்டது. அதன் வலப்புற மதிலின் அடியில், கரையோர நடைபாதையைப் பார்த்தபடி, கம்பியிட்ட வளைவுகளை வேண்டுமென்றே அமைத்திருக்கின்றார்கள். தெருவாற் போகும் எவரும் அங்கே நின்று, சதமும் கொடாமல், ஆட்டத்தைப் பார்க்கலாம். காவலாளி சீட்டுக் கேட்பதில்லை. பின்னால் ஆட்கள் காத்திருந்தால் மட்டும், மூன்று இன்னிங்ஸ் முடிந்ததும், முன்னால் நிற்பவர்களைச் சற்று விலகி மற்றவர்களுக்கு இடம் விடச் சொல்லுகின்றான்.