விழுந்த தென்னையை இழுக்க

கரைத்தீவுப் பக்கம் காற்றில் சாய்ந்த தென்னையை அப்படியே மக்கவிட்டால் காண்டாமிருக வண்டு அதில்தான் முட்டையிடும். பிறகு நிற்கிற மரத்தின் குருத்தைத் துளைக்கும். அகற்றியே ஆகவேண்டும்.

50 அடிப் பச்சைக் குற்றி ஒரு டன்னை நெருங்கும். மணலில் உழவு இயந்திரம் புதையும். கை வின்ச்தான் தோது. இரண்டு டன் இழுப்பதாகப் பார்த்து வாங்குங்கள். குற்றியில் ஒரு கப்பியை மாட்டி, கம்பியைத் திருப்பிக் கொண்டுவந்து வின்ச் பக்கத்து மரத்திலேயே கட்டினால் இழுவை ஏறக்குறைய இரட்டிப்பாகும். அந்த மரத்துக்கு அகலமான பட்டி போடுங்கள், பட்டை கிழியாது.

கடற்காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும். சாக்குத் துணியால் தடவிப் பாருங்கள். நூல் சிக்கினால் இழை அறுந்திருக்கிறது, அந்தக் கம்பி வேண்டாம். இழுபடும் கம்பி அறுந்தால் சாட்டையாய் வீசும். பிள்ளைகளை முதலில் வீட்டுக்குள் அனுப்பிவிடுங்கள்.