பாவு தீரும் முன்பே



காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பிறந்தவள் நான். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம் கேட்கும். எங்கள் வீட்டிலும் கூடத்தை அடைத்துக்கொண்டு ஒரு குழித்தறி இருந்தது. அப்பா குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்வார். கோர்வைச் சேலை நெய்ய ஓர் ஆள் போதாது. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்பதால் மூன்று நாடா ஓடும். ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ள இன்னொருவர் அருகில் உட்கார வேண்டும். எங்கள் வீட்டில் அந்த இன்னொருவர் அம்மா.

தம்பி வயிற்றில் இருந்தபோது எனக்கு ஏழு வயது. நிறைமாதத்தில் அம்மா நேராக உட்கார முடியாமல் ஒருக்களித்து உட்கார்ந்திருப்பார். பழைய சேலையை நாலாக மடித்து, தறிக்கும் வயிற்றுக்கும் நடுவில் வைத்துக்கொள்வார். ஒரு நாள் பொழுது சாயும்வரை நாடா தள்ளினார். அன்று இரவு தம்பி பிறந்தான். விடுப்பு என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. தறி நின்றால் கூலி நின்றுவிடும், அவ்வளவுதான்.

அந்த அம்மாவின் மகளான நான் படித்து அரசுப் பள்ளி ஆசிரியை ஆனேன். 1991-ல் எனக்கு மூத்த மகள் பிறந்தாள். அப்போது எங்களுக்கு மகப்பேறு விடுப்பு 90 நாள். பிரசவத்துக்கு முன்னால் எடுக்கிற ஒவ்வொரு நாளும், பின்னால் குழந்தையோடு இருக்கிற நாளில் குறையும். அதனால் வலி எடுப்பதற்கு நான்கு நாள் முன்புவரை பள்ளிக்குப் போனேன். 90 நாள் முடிந்த மறுநாள் கையெழுத்துப் போட்டேன்.

அன்று மூன்றாவது பீரியட், ஏழாம் வகுப்பு. சுவரில் வரைபடத்தை மாட்டிக்கொண்டிருந்தேன். பள்ளியை ஒட்டிய வீட்டில் ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதது. யார் பெற்ற குழந்தையோ. ஆனால் என் மார்பு சுரந்து ரவிக்கை நனைந்துவிட்டது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றேன். முன் பெஞ்சில் இருந்த ஒரு சிறுமி, "டீச்சர், தண்ணி கொட்டிடுச்சா?" என்று கேட்டாள். "ஆமாம்மா" என்றேன். இத்தனை ஆண்டு கழித்தும் அந்தக் குரல் என் காதில் இருக்கிறது.

அதற்குப் பிறகு காலம் மாறியது. தமிழ்நாட்டு அரசு ஊழியர்களுக்கும் ஆசிரியைகளுக்கும் இந்த விடுப்பு 2011-ல் ஆறு மாதமாகவும், 2016-ல் ஒன்பது மாதமாகவும் உயர்ந்தது. 2021 ஜூலை 1 முதல் முழுச் சம்பளத்தோடு 12 மாதம். பிரசவத்துக்கு முன் எத்தனை நாள், பின் எத்தனை நாள் என்பதை அந்தப் பெண்ணே முடிவு செய்துகொள்ளலாம். பொதுவாக இரண்டு குழந்தைகள் வரை என்பது விதி. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2000-ஆம் ஆண்டில் குறைந்தபட்சம் என்று வகுத்தது 14 வாரம். அதோடு ஒப்பிட்டால் நம் மாநிலம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பது தெரியும்.

விடுப்பு நீண்டுவிட்டது. ஆனால் விடுப்பு தொடங்கும் வரை வகுப்பில் நிற்கிற அந்த ஏழெட்டு மாதங்களைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை. இன்று நான் பேச வந்தது அதைத்தான்.

ஆசிரியை வேலை நின்றுகொண்டே செய்கிற வேலை. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தொடங்கி மாலை கடைசி மணி வரை காலில் நிற்கிறோம். மசக்கையில் தலை சுற்றும்போதும் 40 பிள்ளைகளின் கண் நம்மீதே இருக்கும். கழிப்பறை தொலைவில் இருக்கிறதென்று தண்ணீர் குடிக்காமல் இருக்கும் ஆசிரியைகளை என் பணிக்காலம் முழுக்கப் பார்த்திருக்கிறேன். கர்ப்ப காலத்தில் சிறுநீர்த் தொற்று எளிதில் வரும், அடக்கி வைத்தால் இன்னும் எளிதாக வரும். அதனால் என் பிள்ளை வயது ஆசிரியைகளுக்கு முதலில் சொல்வது இதுதான். பாட்டில் தண்ணீர் மேசைமேல் இருக்கட்டும், நாற்காலி கரும்பலகைக்குப் பக்கத்தில் இருக்கட்டும். உட்கார்ந்து பாடம் நடத்துவது சோம்பல் ஆகாது. நோட்டுக் கட்டுகளை இடுப்பில் அணைத்துத் தூக்கிக்கொண்டு மாடி ஏறாதீர்கள். பிள்ளைகளிடம் கொடுத்தால் ஓடி வந்து வாங்கிக்கொள்வார்கள்.

வகுப்பில் எந்தப் பிள்ளைக்காவது அம்மை போட்டிருப்பது தெரிந்தால், வேப்பிலை வைத்தாயிற்று என்று இருந்துவிட வேண்டாம். அன்றைக்கே உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். சின்னம்மையும் ரூபெல்லாவும் கருவில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடியவை. பள்ளிக்கூடத்தில் வேலை செய்பவர்களுக்கு இந்த எச்சரிக்கை கூடுதலாக வேண்டும்.

பரிசோதனை நாட்களையும் பள்ளி நாள்காட்டியில் குறித்து வையுங்கள். குளுக்கோஸ் தண்ணீர் குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் காத்திருந்து ரத்தம் கொடுக்கிற சர்க்கரைப் பரிசோதனையை, இரண்டு பீரியடுக்கு நடுவில் ஓடிப் போய் முடிக்க முடியாது. அன்றைக்கு விடுப்பு எடுங்கள். தலையைப் பிளக்கிற வலி, கண் மங்கல், முகத்திலும் கையிலும் வீக்கம், ரத்தக் கசிவு, குழந்தையின் அசைவு குறைவது ஆகியவற்றில் எது வந்தாலும் மணி அடிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். வகுப்புத் தலைவனை அனுப்பி ஹெச்.எம்.மைக் கூப்பிடுங்கள், 108-ஐ அழையுங்கள்.

இனி விடுப்பைத் திட்டமிடுவதற்கு வருவோம். எங்கள் ஊர்த் தறியில் ஒரு வழக்கம் உண்டு. பாவு என்பது தறியில் நீளவாக்கில் பூட்டிய இழைகள். அது தீரப் போகிறது என்றால், முழுதாக நெய்து முடிக்க விடமாட்டார்கள். பழைய பாவின் நுனி தறியில் மிச்சம் இருக்கும்போதே, புதுப் பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக அதோடு பிணைப்பார்கள். பழைய இழை புதிய இழையைப் பிடித்து விழுதுக்குள்ளும் அச்சுக்குள்ளும் இழுத்துக்கொண்டு போகும். பழையதை அடியோடு தீர விட்டுவிட்டால், ஒவ்வோர் இழையையும் முதலிலிருந்து கோக்க வேண்டியதுதான்.

ஒரு வகுப்பும் அப்படித்தான். விடுப்புக்கு முந்தின நாள் மாலை சாவியையும் வருகைப் பதிவேட்டையும் மேசைமேல் வைத்துவிட்டுப் போனால், அடுத்து வருகிறவர் ஒவ்வொன்றையும் முதலிலிருந்து கோக்க வேண்டும். அதனால் மூன்று மாதம் முடிந்து உடம்பு ஒரு நிலைக்கு வந்ததும் ஹெச்.எம்.மிடம் எத்தனை மாதம் என்று சொல்லிவிடுங்கள். மருத்துவர் குறித்த நாளைப் பள்ளி ஆண்டோடு பொருத்திப் பாருங்கள். காலாண்டுத் தேர்வு செப்டம்பரில், அரையாண்டுத் தேர்வு டிசம்பரில், பொதுத் தேர்வு மார்ச்சில். குழந்தை பிறக்கும் மாதம் ஜனவரி என்றால், பத்தாம் வகுப்பை யார் எடுத்துக்கொள்வது என்ற பேச்சு ஆகஸ்டிலேயே தொடங்க வேண்டும். பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் மூலம் ஒரு தற்காலிக ஆசிரியருக்கு ஏற்பாடு செய்வதாக இருந்தாலும் அதற்கும் அவகாசம் தேவை.

ஒரு நோட்டு போடுங்கள். எந்தப் பாடம் முடிந்தது, எது பாதியில் நிற்கிறது என்பது முதல் பக்கத்தில் இருக்கட்டும். அதைவிட முக்கியம் பிள்ளைகளைப் பற்றிய பக்கங்கள். கரும்பலகை சரியாகத் தெரியாத பிள்ளை யார், வாய் திறந்து சந்தேகம் கேட்காத பிள்ளை யார், முகூர்த்த மாதம் வந்தால் வீட்டில் தறிக்குத் தார் நூல் சுற்ற நின்றுவிடுகிற பிள்ளை யார் என்பதெல்லாம் எந்தப் பாடத் திட்டத்திலும் இருக்காது. உங்கள் மனசில் மட்டும்தான் இருக்கும். அதைக் காகிதத்தில் இறக்கிவிட்டுப் போங்கள். முடிந்தால் கடைசி இரண்டு வாரம், உங்கள் இடத்துக்கு வரப்போகிறவர் உங்களோடு வகுப்பில் உட்காரட்டும். இழை பிணைவது அங்கேதான்.

இதைச் செய்த பிறகு குற்ற உணர்வு வேண்டாம். "பத்தாம் வகுப்புப் பிள்ளைங்களை விட்டுட்டுப் போறேனே" என்று கண் கலங்கிய எத்தனையோ பேருக்கு நான் சொன்னது ஒன்றுதான். "அம்மா, நீ கைமாற்றிக் கொடுத்துட்டுப் போற. விட்டுட்டுப் போகல."

விடுப்பு கேட்டும் மறுக்கப்பட்ட ஓர் ஆசிரியையின் வழக்கையும் இங்கே சொல்ல வேண்டும். தருமபுரி மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி ஆங்கில ஆசிரியை. முதல் திருமணத்தில் இரண்டு குழந்தைகள். அந்த மணவாழ்க்கை முறிந்து, குழந்தைகள் தந்தையிடம் இருந்தார்கள். மறுமணம் செய்துகொண்ட பிறகு கருவுற்றார். 2021-ல் மகப்பேறு விடுப்புக்கு விண்ணப்பித்தபோது, ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் இருப்பதாகச் சொல்லி மறுத்துவிட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி அவர் பக்கம் தீர்ப்பளித்தார். இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. அவர் விடவில்லை. 2025 மே 23 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு அவருக்கு விடுப்பு உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. மகப்பேறு விடுப்பு என்பது பெண்ணின் இனப்பெருக்க உரிமையோடும், கண்ணியமாக வாழும் உரிமையோடும் சேர்ந்தது என்று அந்தத் தீர்ப்பு விளக்கியது. நம் மாநிலத்து ஆசிரியை ஒருவர் நீதிமன்றப் படி ஏறி, நாட்டுப் பெண்கள் எல்லாருக்கும் வாங்கிக் கொடுத்த தீர்ப்பு அது.

2025 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் இன்னொரு நல்ல அறிவிப்பும் வந்தது. அரசுப் பணியில் புதிதாகச் சேர்ந்த பெண்களின் மகப்பேறு விடுப்புக் காலம், தகுதிகாண் பருவத்தோடு சேர்த்துக் கணக்கிடப்படும் என்ற அறிவிப்பு. தாயானதால் பதவி உயர்வில் பின்தங்க நேர்ந்த பெண்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஆனால் என் மனசு அடித்துக்கொள்வது தனியார் பள்ளி ஆசிரியைகளுக்காக. எங்கள் ஊரில் நெசவாளர் வீட்டுப் பெண்கள் எத்தனையோ பேர் பி.எட். முடித்துவிட்டுச் சிறு பள்ளிகளில் குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார்கள். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து, அடுக்கிய வளையலோடு வகுப்புக்கு வருகிற பெண்ணிடம், "வேலையை விட்டுட்டுப் போம்மா, அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்புகிற பள்ளிகள் இன்றும் இருக்கின்றன.

அவர்களுக்கும் ஒரு சட்டத்தின் வரலாறு இருக்கிறது. 1928-ல் பம்பாய் சட்டசபையில் மகப்பேறு நல மசோதாவை ஆதரித்து அம்பேத்கர் பேசினார். தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலனுக்காக என்று அன்றே வாதிட்டார். 1961-ல் நாடு முழுவதற்குமான மகப்பேறு நலச் சட்டம் வந்தது. 2017-ல் அதைத் திருத்தி, முதல் இரண்டு குழந்தைகளுக்கு 12 வாரமாக இருந்ததை 26 வாரம் ஆக்கினார்கள். அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்னால் எடுக்கலாம். கரு கலைந்துபோன பெண்ணுக்கும் ஆறு வார விடுப்பு உண்டு. அந்தத் துயரத்தை நெஞ்சில் சுமந்துகொண்டு மறுநாளே சாக்பீஸ் பிடிக்க வேண்டியதில்லை. பக்கத்துக் கேரளம் 2020-ல் தனியார் கல்வி நிலையங்களில் வேலை செய்பவர்களையும் இந்தச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது.

அதனால் தனியார் பள்ளியில் இருக்கும் என் தங்கைகளே, நியமன ஆணையை வாங்கிப் பத்திரமாக வையுங்கள். விடுப்பு விண்ணப்பத்தை வாய்வார்த்தையாகக் கேட்காமல் எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு அங்கே சட்ட உதவி இலவசம். 12 வாரத்துக்குள் செவிலியரிடம் கர்ப்பத்தைப் பதிவு செய்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பம் என்றால், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் உள்ள மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் அளவுக்குப் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் கிடைக்க வழி உண்டு.

தலைமையாசிரியர்களுக்கும் தாளாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கர்ப்பிணி ஆசிரியைக்குத் தரைத்தளத்தில் வகுப்பு கொடுங்கள். தேர்வு மேற்பார்வையில் மூன்று மணி நேரம் நிற்க வைக்காதீர்கள். பிள்ளை பெற்றுத் திரும்பி வருகிறவளுக்குக் கதவு சாத்திய ஓர் அறையும் கால் மணி நேரமும் கொடுங்கள். வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்கிறேன். மாலையில் அவள் திருத்த வேண்டிய நோட்டுகளோடு வருகிறாள். அந்த நேரத்து அடுப்பை இன்னொருவர் பார்த்துக்கொள்ளலாம்.

முடிக்கும் முன் மறுபடி எங்கள் வீட்டுக் கூடத்துக்கு வருகிறேன். தம்பி பிறந்த மறுநாள் காலை நான் கண் விழித்தபோது தறிச் சத்தம் கேட்டது. அம்மா உள்ளறையில் படுத்திருந்தார். பின்னே நாடா தள்ளுவது யார் என்று எட்டிப் பார்த்தேன். அடுத்த வீட்டுப் பெரியம்மா, அம்மாவின் இடத்தில் உட்கார்ந்திருந்தார். நாலாக மடித்த அந்தப் பழைய சேலையை எடுத்து ஓரமாக வைத்திருந்தார். புண்ணியாதானம் கழிந்து அம்மா எழுந்து வரும்வரை தினமும் வந்தார். நெசவு அறுபடவில்லை.

அம்மாவுக்குப் பெரியம்மா கிடைத்தது அவர் செய்த புண்ணியம் என்று பாட்டி சொல்வார். நம் பள்ளிக்கூடங்களில் கர்ப்பிணியாக நிற்கும் ஒவ்வோர் ஆசிரியைக்கும் அப்படி ஒருவர் கிடைப்பதைப் புண்ணியத்துக்கு விட்டுவிடக் கூடாது. அது விதியிலும் இருக்க வேண்டும், நம் மனசிலும் இருக்க வேண்டும்.